மேற்குப் பெட்டியில் கேட்ட குரல்

அத்தியாயம் பதினாறு

கையெழுத்து நாளன்று காலையில் மூத்தவள் கண் விழித்தபோது, கூடத்து மேஜையை யாரோ மோதிரம் போட்ட விரலால் இரண்டு தரம் தட்டினார்கள்.

அவள் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். மறுபடி தட்டவில்லை. அம்மா டம்ளரை வைத்திருப்பாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

தொண்டையில் ஆபரேஷன் கத்தி வைத்த பிறகு அப்பா அப்படித்தான் ஆளைக் கூப்பிடுவார். அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அந்த வீட்டில் எது எதன்மேல் பட்டுச் சத்தம் வந்தாலும் அம்மா, அவள், தம்பி மூன்று பேரும் ஒரு கணம் தலை நிமிர்வார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விட்ட வேலையைத் தொடர்வார்கள்.

அப்பாவும் அவர் தம்பியான சித்தப்பாவுமாகச் சேர்ந்து ஆரம்பித்த டிஷ் தொழில் இரண்டாக உடைந்த கதை முன் அத்தியாயங்களில் வந்துவிட்டது. அப்பா பொருத்திக் கொடுத்த டிஷ்கள் கிழக்கே நிற்கிற செயற்கைக்கோளைப் பார்க்கும். சித்தப்பாவின் டிஷ்கள் மேற்கே நிற்பதைப் பார்க்கும். எந்தத் தெருவிலும் மொட்டை மாடிகளை அண்ணாந்து பார்த்தால் போதும், எந்த வீடு யாருடைய வீடு என்று சொல்லிவிடலாம். கம்பெனிகளுக்கு முறையான பெயர்கள் உண்டு. ஆனால் தொழிலில் இருப்பவர்கள் வாயில் கிழக்கு, மேற்கு என்றுதான் வரும்.

இப்போது ஜனங்கள் உள்ளங்கையில் போனை வைத்துக்கொண்டு அதிலேயே படம் பார்த்துவிடுகிறார்கள். கிழக்கும் மேற்கும் அடித்துக்கொள்வதற்கு மாடிகளே குறைந்துகொண்டு வருகின்றன. இரண்டும் ஒன்றாகிவிட்டால் ஒரே செயற்கைக்கோளுக்கு வாடகை கட்டினால் போதும், ஒரே ஊழியர் படை, டிவியோடு மாட்டுகிற பெட்டியும் ஒன்றே. பிழைக்கலாம். தனித்தனியாக நின்றால் இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காது. இணைப்புக்குப் பணம் போடுகிற வங்கி இன்று மாலைவரைதான் பொறுத்திருக்கும்.

கிழக்கில் அப்பா விட்டுப்போன பங்கு மூத்தவளுக்கும் அவள் தம்பிக்கும் சரிபாதி. இரண்டு பேரும் கையெழுத்திட்டால்தான் காரியம் ஆகும். தம்பி நிர்வாக இயக்குநர். அவள் போட்டி உத்திப் பிரிவின் தலைவி. இணைப்புத் திட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதியவள் அவள்தான். கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பவளும் அவளேதான். மூளை எழுதியதைக் கை ஏற்றுக்கொள்ள மறுத்தது.

கூடத்தில் தம்பி ஷூ வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, சாயங்காலம் வரைக்கும்தான் வங்கிக்காரங்க இருப்பாங்க. ஞாபகம் இருக்கில்ல?"

"நேத்து மத்தியானம் சொன்னே. நேத்து சாப்பிடும்போது சொன்னே. அப்புறம் கனவுல வந்தும் சொன்னே."

"கனவுலயாவது சரின்னு சொன்னியா?"

"அங்கயும் யோசிக்கணும்னுதான் சொன்னேன்."

அம்மா சிரிக்கவில்லை. மேஜையருகே கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் டம்ளர் ஏதும் இல்லை என்பதை மூத்தவள் கவனித்தாள். கவனிக்காததுபோல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா இருந்தா போட்டிருப்பாராடா?"

"அப்பா இருந்தா நாம ஏன் போடப்போறோம். அவர் இல்லைங்கறதாலதானே நம்ம கைக்கு வந்திருக்கு."

"சித்தப்பா பேரையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னாரு. மேற்கு வாசப்படியை மிதிச்சா என் பொண்ணே இல்லைன்னாரு. சித்தப்பா பொண்ணு என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவ. அவ கல்யாணத்துக்கு நான் போகலை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அவ்வளவையும் பண்ணிட்டு இன்னிக்குப் போய் அந்த மேஜையில உட்கார்ந்து சிரிக்கச் சொல்றியா?"

"சிரிக்க வேணாம். கையெழுத்து மட்டும் போடு. சிரிக்கிறதுக்கு நான் இருக்கேன்."

"உன் கையெழுத்து உன்னோடது பாப்பா," என்றாள் அம்மா. "அதுல அவரை எதுக்கு இழுக்கறே? போனவர் போனவராவே இருக்கட்டும்."

இதைச் சொல்லும்போது அம்மா மகனைத்தான் பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

கிழக்கின் அலுவலகத்தில் இரண்டாம் மாடிக் கோடியில் ஒரு அறை உண்டு. கதவில் போட்டிருக்கும் பலகையில் 'சந்தைக் கண்காணிப்பு' என்று எழுதியிருக்கும். கூட்டிப் பெருக்க வருகிறவர்கள் உட்பட எல்லோரும் அதை எதிரி அறை என்றுதான் சொல்வார்கள். சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள். ஒவ்வொன்றின் கீழும் மேற்கின் பெட்டி ஒன்று. மேற்கு புதுப் பெட்டி ஏதாவது வெளியிட்டால், கடையில் யாரோ ஒரு வாடிக்கையாளர்போலப் போய் வாங்கிவந்து அங்கே மாட்டிவிடுவார்கள். எந்தச் சானல் எந்த எண்ணில் வருகிறது, அடியில் ஓடுகிற வரியில் என்ன சலுகை சொல்கிறான், எதை இலவசமாகக் கொடுக்கிறான் என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள். இமைக்காமல் பார்ப்பதால் அவருக்கு ஆந்தை என்று பெயர்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தத் தொலைக்காட்சியிலும் சத்தம் வைக்கக் கூடாது. அப்பா போட்ட சட்டம். "அவன் என்ன காட்டறான்னு பாரு. அவன் பேச்சைக் கேக்காதே. கேட்டா மனசு மாறும்" என்பார். அதற்குக் காரணம் யாரும் கேட்டதில்லை. இத்தனை காலமாக அந்தச் சுவரில் செய்தி வாசிப்பவர்களும் நடிகைகளும் ஆட்டக்காரர்களும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு முதுகு சில்லிட்டுப் போகும். பழகியவர்களுக்கு மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல.

தம்பியின் போன் தொல்லைக்குப் பயந்து மூத்தவள் அன்று அந்த அறையில் போய் உட்கார்ந்தாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"இன்னியோட இந்த ரூமுக்கு வேலை இல்லைங்களா மேடம்?" என்றார் ஆந்தை.

"கையெழுத்தானா எதிரியே இல்லையே."

"அப்ப நான் யாரைப் பாக்கறது? வீட்டுக்குப் போய் சம்சாரத்தை இப்படிப் பார்த்துட்டே இருந்தா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவா."

மழை பிடித்துக்கொண்டது. கனத்த மழையில் டிஷ்ஷுக்குச் சமிக்ஞை அறுந்துபோவது சகஜம். சுவரில் ஒவ்வொரு திரையாகக் கட்டம் கட்டமாக உடைந்து நீலமாயிற்று. அதே நேரத்தில் மின்சாரமும் போய், உடனே திரும்பி வந்தது. தொலைக்காட்சிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றன. மின்சாரம் போய் வந்தால் அவற்றுக்குப் பழைய கட்டளை மறந்துவிடும். ஆந்தை ஆணியில் மாட்டியிருந்த ரிமோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சத்தத்தை அடைக்கத் தொடங்கினார்.

புதுப் பெட்டி மாட்டியிருந்த கடைசித் திரைக்கு அவர் வருவதற்குள் அது பேசிவிட்டது.

"ஒண்ணும் ஆகலைங்க. மழை பெய்யுது. அவ்வளவுதான். நின்னதும் படம் தானா வந்துடும். அதுவரைக்கும் டிவியைத் தட்டாதீங்க. பாவம் அது."

ஆந்தையின் கையிலிருந்த ரிமோட் அப்படியே நின்றது.

"மேடம். நம்ம பெரியவர் குரல் மாதிரி..."

"மாதிரி இல்லை," என்றாள் மூத்தவள்.

நீலத் திரையில் வேறு எதுவும் இல்லை. மழை கொட்டியது. சிறிது நேரம் கழித்து, பெட்டிக்குள் இருந்தவர் மறுபடி மூச்சு இழுத்தார்.

"ஒண்ணும் ஆகலைங்க. மழை பெய்யுது. அவ்வளவுதான்."

"எவ்வளவு காலமா இதுங்க வாயை மூடி வெச்சிருந்தேன்," என்றார் ஆந்தை, பாதி தனக்குள். "திறந்த அன்னிக்கே இப்படி. நிறுத்திடட்டுங்களா மேடம்?"

"வேண்டாம். இருக்கட்டும்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்தத் திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் குரல் வீட்டில் எதிலும் கிடையாது. யாராவது போனை நீட்டிப் பதிவு செய்தால் எழுந்து போய்விடுவார். இந்த ஒரு வருஷத்தில் அவர் குரல் எப்படி இருக்கும் என்று அவள் பலமுறை நினைத்துப் பார்க்க முயன்று, முகம் வந்து குரல் வராமல் தவித்திருக்கிறாள். அந்தக் குரல் எதிரியின் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, பெயர் தெரியாத வீடுகளுக்கெல்லாம் மழை நாளில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அழுகைதான் முதலில் வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே அவளுடைய மூளை வந்தது. அதற்கு நல்ல நாள், கெட்ட நாள் தெரியாது.

ஒன்று: இது அண்ணன் தம்பி ஒன்றாக இருந்த காலத்துக் குரல் இல்லை. அப்போது அப்பாவின் குரல் கணீரென்று இருக்கும். இது கரகரத்த குரல். 'அவ்வளவுதான்' என்பதற்கு முன்னால் காற்றைத் தேடி ஒரு இழுப்பு. தொண்டை அறுவைக்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்த குரல் இதுதான்.

இரண்டு: அந்தக் கடைசிக் காலத்தில்தான் மேற்கு வாசப்படியை மிதிக்காதே என்று வீட்டில் கண்டிப்பாக இருந்தார். பேச முடியாதபோதுகூட மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னார்.

அப்படியானால் இந்த வார்த்தைகளை அவர் எங்கே உட்கார்ந்து, யாரிடம் சொன்னார்?

மழை வெறித்தது. திரையில் ஒரு செய்தி வாசிப்பவளின் முகம் திரும்பி வந்து, இவளைப் பார்த்து எதையோ சொல்லத் தொடங்கியது. மூத்தவள் எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள்.

மேற்கின் கட்டிடத்துக்குள் அவள் நுழைவது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் நனைந்த மாடிகள். கிழக்கு பார்த்த டிஷ்ஷும் மேற்கு பார்த்த டிஷ்ஷும் ஒரே சுவரின்மேல், ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன.

சித்தப்பா கதவைத் திறந்து அவரே வெளியே வந்தார். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை. ஆனால் உள்ளே இருப்பவர் வேறு ஆள்.

"வா பெரிசு. சாயங்காலம்தானே பாக்கறதா இருந்தது? அந்த நாற்காலி வேண்டாம். இதுல உட்காரு."

வேண்டாம் என்ற நாற்காலியில் முதுகுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு தலையணை கட்டியிருந்தது. வீட்டில் அப்பாவின் நாற்காலியிலும் அதே இடத்தில் அதே அளவில் ஒன்று இருந்தது.

"மழையில உங்க பெட்டி பேசுச்சு சித்தப்பா."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"நீங்க சத்தமே வைக்க மாட்டீங்களே."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணன்தான் சொன்னாரு." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. இனிமே மூடி மறைக்க என்ன இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்ல ஒரு நாள் வந்து நின்னாரு. சொல்லாம கொள்ளாம. நான் கதவைத் திறந்தேன். உள்ள வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்தாரு. ரெண்டு பேரும் பேசவே இல்லை. தண்ணி கொண்டாரச் சொன்னேன், குடிச்சாரு, போயிட்டாரு. அடுத்த வாரமும் வந்தாரு."

"வீட்டுல டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டுப் போவாரு."

"இங்கதான் வருவாரு."

"எப்படி வருவாரு? டிரைவருக்குத் தெரியுமா?"

"வருவாரு," என்றார் சித்தப்பா, பிடி கொடுக்காமல். "ஒரு நாள் மழை. என் பெட்டியில ஒருத்தன் பேசிட்டிருந்தான், காசு கொடுத்துப் பேச வெச்ச ஆளு. 'சமிக்ஞை தடைப்பட்டுள்ளது'ன்னு. அண்ணனுக்குச் சிரிப்பு. 'ஏண்டா, இவன் பேசறதைக் கேட்டா யாரோ செத்துட்ட மாதிரி இருக்கு. நான் பேசறேன் பாரு'ன்னு சொல்லிட்டு, அவரே பேசினாரு. நான் போன்ல எடுத்து வெச்சுக்கிட்டேன். எங்கயும் போடாதேன்னாரு. அவர் இருக்கற வரைக்கும் போடலை. போன பிறகு..."

அவர் தலையணை கட்டிய நாற்காலியைப் பார்த்தார்.

"புதுப் பெட்டியில போட்டுட்டீங்க."

"எங்க ஆளுங்களுக்கு இது யார் குரல்னு தெரியாது. ஜனங்களுக்கும் தெரியாது. உங்க ரூம்ல சத்தம் வைக்க மாட்டீங்க. யாருக்கும் தெரியாம எனக்கு மட்டும் கேக்கட்டுமேன்னு போட்டேன். மழை வந்தா வீட்டுக்குப் போயி டிவி முன்னாடி உட்கார்ந்துக்குவேன் பெரிசு. என் வீட்டுல என்னைப் பைத்தியம்னு நெனச்சுக்கறாங்க."

இத்தோடு எழுந்து போயிருந்தால் அவள் அன்று மாலை நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டிருப்பாள். எந்த அப்பாவுக்காகத் தயங்கினாளோ அந்த அப்பாவே இந்த வாசப்படியைத் தேய்த்திருக்கிறார். குறுக்கே நின்றது விலகிவிட்டது. ஆனால் அவள் தொழில் அவளை எழுந்திருக்க விடவில்லை.

"வந்து என்ன பேசுவீங்க?"

"பழசு. உங்க பாட்டன் திட்டினது. உன்னைப் பத்தி. ஏதோ."

"தொழில்?"

சித்தப்பா பேனாவை எடுத்து வைத்தார். மறுபடி எடுத்தார். "எங்க ரெண்டு பேருக்கும் வேற என்ன தெரியும்?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிழக்கும் மேற்கும் பல காலம் விலையைக் குறைத்துக் குறைத்து ஒருவரை ஒருவர் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையை நிறுத்தியது மூத்தவளின் திட்டம் என்று தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். இனி குறைக்க மாட்டோம், விளையாட்டுச் சானல்களைத் தனித் தொகுப்பாகப் பிரித்துத் தருவோம், மேற்கு தானாக வழிக்கு வரும் என்று எழுதினாள். மேற்கு வந்தது. ஒரே மாதத்தில் வந்தது. அந்த வெற்றிதான் அவளைத் தலைவியாக்கியது. மேடையில் கேடயம் கொடுத்தார்கள். முதல் வரிசையில் அப்பா, பேச முடியாமல், கையை மட்டும் தட்டினார்.

"விலைச் சண்டை நின்ன வருஷம் சித்தப்பா. அது என் திட்டத்தால நின்னதா?"

"நல்ல திட்டம் பெரிசு."

"அதைக் கேக்கலை."

"அண்ணன் அதை எனக்குப் படிச்சுக் காட்டினாரு. இந்த நாற்காலியில உட்கார்ந்து. தொண்டை அறுந்துடும்போல இருக்கு, வேண்டாம்ணான்னு சொன்னாலும் கேக்கலை. கடைசி வரைக்கும் படிச்சுட்டு, 'பாத்தியா, எம்பொண்ணு எப்படி யோசிச்சிருக்கா'ன்னாரு. அப்புறம், நான் குறைக்கலை, நீயும் குறைக்காதேன்னாரு. சரின்னேன். அவர் கேட்டு நான் எதை இல்லைன்னேன், பிரிஞ்சு போனதைத் தவிர."

அவள் தன் அலமாரியில் பூட்டிவைத்து, தம்பிக்குக்கூடக் கடைசியில்தான் காட்டிய திட்டம். அப்பா அதை எதிரியிடம் கொண்டுவந்து பெருமையாகப் படித்துக் காட்டியிருக்கிறார். துரோகமா, பாசமா என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒரே குரலில்.

"அந்த வருஷத்துலேருந்து ரெண்டு பக்கத்து ஜனங்களும் கூடுதலா கட்டிட்டிருக்காங்க சித்தப்பா."

"தெரியும்."

"இன்னிக்கு வக்கீல் ஒரு பத்தி படிப்பார். ரெண்டு கம்பெனிக்கும் நடுவுல விலையைப் பத்தி இதுக்கு முன்னாடி எந்த ஏற்பாடும் இருந்ததில்லை, வாய்ப்பேச்சாக்கூட இல்லைன்னு விலைக் கூட்டணியைக் கண்காணிக்கற போட்டி ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்கணும். தம் அறிவுக்கு எட்டிய வரைன்னு இருக்கும்."

"அதுவும் தெரியும். நான் போடுவேன். பொய்தான், என் தலையில இருக்கட்டும். நீ ஒண்ணும் தெரியாதவ. தெரியாம போட்டா உன் மேல ஒட்டாதுன்னு நெனச்சுதான் வாயைத் திறக்கலை."

"இப்ப எட்டிடுச்சே."

சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவர்தான் சொல்லிட்டாரே. நான் என்ன பண்ணுவேன்."

வக்கீல் அலுவலகத்தின் நடையில் தம்பி காத்திருந்தான். அவனை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எதிரி அறை, மழை, குரல், சித்தப்பா, விலை. அவன் குறுக்கிடவில்லை. நிஜமாகவா என்றும் கேட்கவில்லை.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"உன்கிட்டதான்."

"அப்ப என்கிட்டயே இருக்கட்டும். உள்ள வா, போடு, வெளிய வா. ஒரு மழை பெய்யாம இருந்திருந்தா போட்டிருப்பே இல்ல?"

"பெய்ஞ்சிடுச்சே."

"செத்துப்போனவரைக் கூண்டுல ஏத்தப்போறியா அக்கா? நாளைக்கு ஊரெல்லாம் பேசும். அப்பா திருட்டுத்தனமா போய் விலை பேசினாருன்னு. அம்மா அதைக் கேட்டுட்டு இருப்பாங்களா?"

"அப்பாவுக்காகத்தான் இத்தனை நாள் போடலை. அப்பாவுக்காகவே இன்னிக்குப் பொய்யும் எழுதணும்னா, எப்பதாண்டா நான் எனக்காக ஒண்ணு பண்றது?"

"ரெண்டு கம்பெனியிலயும் எத்தனை குடும்பம்னு உனக்குத் தெரியும். மாடி ஏறி டிஷ் திருப்பறவன், போன்ல திட்டு வாங்கறவன். இது நின்னா எல்லாம் நின்னுடும்."

அது உண்மை. அந்தக் கணக்கை அவளைவிட நன்றாகப் போட்டவர் யாரும் இல்லை. திட்டத்தின் இரண்டாம் பக்கமே அதுதான்.

"நான் உன்னை இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை," என்றான் தம்பி. குரல் தழுதழுத்தது. அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. "இது ஒண்ணு கேக்கறேன்."

உள்ளே நீள மேஜை. வங்கிக்காரர்கள் இருவர் ஒரு கோடியில் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே சித்தப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் மூத்தவளும் அவளுக்குப் பக்கத்தில் தம்பியும். வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பத்தியாக வாசித்தார். வாய்விட்டு வாசிக்காமல் எதையும் கையெழுத்துக்கு நீட்டுவதில்லை என்பது அவர் வழக்கம். வாசித்த பிறகு இரண்டு பக்கத்தையும் பார்ப்பார். இரண்டு பக்கமும் தலையாட்டினால் அடுத்த பத்தி.

செயற்கைக்கோள் பத்தி. தலையாட்டினாள். பெயர்ப் பத்தி. தலையாட்டினாள். மழை விட்ட பிறகு வரும் வெயில் மேஜைமேல் நீளமாக விழுந்திருந்தது. யாரோ விரலால் மேஜையைத் தட்டுவதுபோல இருந்தது. பார்த்தாள், யாருடைய விரலும் மேஜையில் இல்லை.

"...விலை குறித்தோ சந்தையைப் பங்கிட்டுக்கொள்வது குறித்தோ இதற்கு முன் எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ எந்த உடன்பாடும் இருந்ததில்லை என்று கையொப்பமிடுவோர் தம் அறிவுக்கு எட்டிய வரையில் உறுதி கூறுகின்றனர்."

வக்கீல் நிமிர்ந்தார். சித்தப்பா தலையாட்டினார். தம்பி தலையாட்டினான்.

"அம்மா?" என்றார் வக்கீல், மூத்தவளைப் பார்த்து.

"இந்தப் பத்தியில நான் போட முடியாது சார்."

வங்கிக்காரர்களின் பேச்சு நின்றது.

"வார்த்தையை மாத்தணுமா?"

"மாத்தி எழுத முடியாது. உடன்பாடு இருந்தது. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஆனா தெரிஞ்சுடுச்சு. ஆணையத்துக்கு நானே எழுதிக் கொடுக்கறேன். அபராதம் போடட்டும், தள்ளிப் போடட்டும். அவங்க சொன்ன பிறகு இணைப்புக்கு நான் கையெழுத்துப் போடறேன். இதுக்குப் போட மாட்டேன்."

தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வங்கிக்காரர்களில் வயதானவர் கோப்பை மூடினார். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை மாத வேலை அதற்குள் மூடிக்கொண்டது அவளுக்குக் கேட்டது.

வக்கீல் வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அவருக்கும் முகம் வெளிறியிருந்தது. இருந்தாலும் தொழில் தொழில்தானே.

"யார் யாருக்கு நடுவுல நடந்த பேச்சு?"

"எங்க அப்பா. எங்க சித்தப்பா."

எதிரே சித்தப்பாவை அவள் நேராகப் பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. பல நாள் தூக்கிக்கொண்டு நின்றதை இறக்கி வைத்தவரின் களைப்பு இருந்தது.

"சொல்றது சரிதான்," என்றார்.

"அப்ப அந்த அறையில இருந்தது ரெண்டு பேர்," என்று எழுதப் போனார் வக்கீல்.

சித்தப்பா வாயைத் திறந்து மூடினார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறவர்போல மேஜையில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தார். எழுதப்போன பேனா காத்துக்கொண்டிருந்தது.

"மூணு பேர்," என்றார். "அண்ணனால படி ஏற முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வரணும். கூட உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போகணும்."

"அந்த மூணாவது ஆள் யாருங்க?"

சித்தப்பா வெயிலிலிருந்து கண்ணை எடுத்து, மூத்தவளுக்குப் பக்கத்தில் பார்த்தார். மூத்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலி, தரையை உரசிக்கொண்டு, மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.